கட்டிங் மெஷினா, ஒகேனக்கல் மீனா?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். நான் பாலக்கோடு பக்கம் வீட்டை ஒட்டியே ஷெட்டு போட்டு கிரில், கேட்டு வேலை பண்றேன். நானும் ஒரு பையனும்தான், மாசம் 300, 400 கிலோ வேலை ஓடும். சம்சாரம் பேர்ல போட்ட சீட்டு போன மாசம் விழுந்துச்சு, கையில 15,000 இருக்குது. 14 இன்ச் கட்டிங் மெஷின் வாங்கணும்னு ரெண்டு வருசமா ஆசை. வீலு, ஒயரிங் எல்லாம் சேத்து 12,000 வந்துரும். இப்போதைக்கு கை கிரைண்டர்லயே வீலை மூடியிருக்கற கார்டை கழட்டிட்டு கட் பண்ணிட்டு இருக்கேன், மணிக்கட்டு வலி தாங்கல. ஆனா வீட்டுல எல்லாரும் வேன் புடிச்சு ஒகேனக்கல் போலாம்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. அம்மா, தங்கச்சி குடும்பம் எல்லாம் சேத்து 11 பேரு, அதுக்கும் பத்து பன்னெண்டு ஆயிரும். அம்மா பென்னாகரம் பக்கம் பொறந்தவங்க, அருவியை பாத்து பல வருசம் ஆச்சு, இப்ப மூட்டு வலி வேற. பொண்ணு பன்னெண்டாவது, அடுத்த வருசம் ஹாஸ்டலுக்கு போயிரும். வேலை முடிச்ச மூணு பார்ட்டிகிட்ட 14,000 பாக்கி நிக்குது, கேட்டா தக்காளி வெலை இல்லண்றாங்க. சொல்லாம மெஷினை வாங்கிட்டு வந்து, வாடகைக்கு எடுத்தேன்னு சொல்லிடலாமான்னு தோணுது. தொழிலுக்கு வாங்கறது சுயநலமாக்கா?
– பேர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: தம்பி, கடைசியா கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். வாடகைக்கு எடுத்தேன்ற பொய் மட்டும் வேண்டவே வேண்டாம், அதை எங்க வீட்டுல ஒருத்தர் ஏற்கெனவே பண்ணி பாத்துட்டாரு. எங்க வீட்டுக்காரரு பெயிண்ட் வேலை, ஒரு தீபாவளி சமயத்துல ஏர் கம்ப்ரஸர் ஒண்ணை வாங்கிட்டு வந்து திண்ணையில வெச்சிட்டு, ஒரு வேலைக்காக வாடகைக்கு எடுத்தேன், நாளைக்கு 100 ரூபான்னு சொன்னாரு. நான் ரெண்டாவது நாளே கண்டுபுடிச்சிட்டேன், பில்லு சட்டைப் பையில இருந்துச்சு, ஆனா வாயை தொறக்கல. எங்க மாமியாருக்கு தெரியாது, தெனம் காலைல வாசல் பெருக்கும்போது அந்த மெஷினை சுத்தி பெருக்கிட்டு, "ஏன்டா, வாடகைக்காரன் இன்னும் வந்து எடுக்கலயா"ன்னு கேப்பாங்க. ஆறு மாசம் கேட்டாங்க! ஒரு நாள் அவங்களே விரல் விட்டு எண்ணி, நாளைக்கு நூறுன்னா இதுவரைக்கும் பதினெட்டாயிரம் ஆச்சேடா, அதுக்கு சொந்தமாவே வாங்கியிருக்கலாமேன்னு சொன்னாங்க பாருங்க, மனுசன் மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாம டீ குடிக்க போயிட்டாரு.

நம்ம தகடூர் அதியமான் நெல்லிக்கனியோட பெருமையை சொல்லாமத்தான் ஔவைக்கு குடுத்தாருன்னு நீங்க சொல்லலாம். அவரு சொல்லாம குடுத்தாரு தம்பி, நீங்க சொல்லாம எடுத்துக்க பாக்கறீங்க.

அடுத்து, உங்க கடுதாசியில ஒரே ஒரு வரி என்னை தூங்க விடல, அது ஒகேனக்கலும் இல்ல சீட்டும் இல்ல. "கார்டை கழட்டிட்டு." ஏன் கழட்டறீங்கன்னு தெரியும், கார்டு இருந்தா மூலையில வீலு எட்டாது, கம்பி தெரியாது, எல்லா ஷெட்டுலயும் அப்படித்தான் பண்றாங்க. ஆனா அந்த நாலு இன்ச் வீலு நிமிசத்துக்கு 11,000 சுத்து கிட்ட சுத்துது, கணக்கு போட்டு பாருங்க, அதோட ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல ஓடுது. நம்ம கிருஷ்ணகிரி ஹைவேஸ்ல எந்த காரும் அப்படி ஓடறதில்ல. அந்த வீலு ஒரு மில்லிமீட்டர் தான் கனம், நேரா அறுக்கறதுக்கு மட்டும் செஞ்சது, மணிக்கட்டு வலிக்குதுன்னு நீங்க கொஞ்சம் கையை சாய்ச்சீங்கன்னா கம்பிக்குள்ள சிக்கி துண்டு துண்டா தெறிக்கும், தெறிக்கறது உங்க மூஞ்சியை பாத்துதான். அதனால மெஷின் அப்புறம், ஒகேனக்கல் அப்புறம், நாளைக்கு காலைல அந்த கார்டை தேடி எடுத்து மாட்டுங்க, தொலைச்சிட்டீங்கன்னா புதுசா வாங்குங்க, கண்ணாடியும் ஒண்ணு வாங்குங்க, அந்த பையனுக்கும் சேத்து ரெண்டா. வீலோட நடுவுல இருக்கற தகர வளையத்துல தேதி அடிச்சிருப்பாங்க, அதையும் பாருங்க, மழையில நனைஞ்ச வீலு, தேதி போன வீலு எல்லாம் குப்பையில போடுங்க. இந்த செலவை மட்டும் யார்கிட்டயும் கேக்காம பண்ணலாம்.

சரி, 14 இன்ச் மெஷினுக்கு வருவோம். அது நல்ல பொருளு, இல்லன்னு சொல்ல மாட்டேன். கேட்டுக்கு ஒரே அளவுல முப்பது கம்பி வேணும்னா ஒரு ஸ்டாப்பர் வெச்சிட்டு நாலு நாலா வைஸ்ல கடிக்க வெச்சு இறக்கிட்டே போலாம், 45 டிகிரி மூலை சுத்தமா வரும், மணிக்கட்டுக்கு வேலையே இல்ல. ஆனா அது வந்துட்டா கை கிரைண்டருக்கு லீவுன்னு நெனைக்காதீங்க, கட் பண்ண இடத்துல பிசிறு நிக்கும், அதை தேய்க்கறதுக்கு அதேதான் வேணும், வெல்டிங் தேய்க்கறதுக்கும் அதேதான். அப்புறம் அது ரெண்டாயிரம் வாட்ஸுக்கு மேல இழுக்கற ஐட்டம், ஓடும்போதே ஒன்பது பத்து ஆம்பியர், ஸ்டார்ட் பண்ற நேரத்துல அதுக்கும் மேல. 16 ஆம்பியர் பிளக்கும் அதுக்கு தக்க ஒயரும் இல்லாம வீட்டு லைட்டு லைன்லேர்ந்து ஜங்ஷன் பாக்ஸ் இழுத்து ஓட்டினீங்கன்னா ஒயர் சூடாகி பிளக்கு உருகும். ஷெட்டு வீட்டை ஒட்டி இருக்குன்னு எழுதினீங்க, அதனால கேக்கறேன், வீட்டு சர்வீஸ்லயே வெல்டிங்கும் ஓட்டறீங்களா? அப்படின்னா அது வேற ஒரு வம்பு, வீட்டு இணைப்புல தொழில் பண்ணா அபராதம் போடுவாங்க, ஷெட்டுக்கு தனி சர்வீஸ் வாங்கற செலவும் இந்த கணக்குல வரணும். ஒயரிங் சேத்து 12,000ன்னு நீங்க சொன்னது அங்கேயே நிக்காது.

இப்ப பணம். சீட்டு யார் பேர்ல? சம்சாரம் பேர்ல. மாசா மாசம் நான்தானே குடுத்தேன்னு நீங்க சொல்லலாம், உண்மையாவும் இருக்கலாம், ஆனா ஏலத்துக்கு போய் உக்காந்தது யாரு, கையில காசு இல்லாத மாசம் பக்கத்து வீட்டுல கைமாத்து வாங்கி கட்டினது யாருன்னு ஒரு தடவை கேட்டு பாருங்க. அது வீட்டுக் காசு தம்பி. ஷெட்டுக்கு வாங்கற மெஷினை ஷெட்டு சம்பாதிச்ச காசுல வாங்கணும். உங்க ஷெட்டு சம்பாதிக்கலயா? சம்பாதிச்சிருக்குது, 14,000. உங்க மெஷின் கடையில இல்ல, மூணு பேர் வீட்டு வாசல்ல கேட்டா நிக்குது. அவங்க தெனம் அதை தொறந்து மூடிட்டு இருக்காங்க, நீங்க மணிக்கட்டை தேய்ச்சிட்டு இருக்கீங்க.

தக்காளி வெலைன்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. நானும் இந்த பக்கத்து ஆளுதான், ராயக்கோட்டை மண்டியில பெட்டி என்ன வெலைக்கு போகுதுன்னு எங்க தெருவுல சின்ன புள்ளைக்கு கூட தெரியும், வெலை இல்லாத வாரம் பொய் சொல்லல, நெஜமாவே ரோட்டுல கொட்டறாங்க. ஆனா வெலை ஏறின வாரமும் வருமில்ல, அன்னைக்கு நீங்க போய் நிக்கறீங்களா? மண்டியில ஏறிடுச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கு சாயந்தரமே போங்க, மொத்தமா கேக்காதீங்க, "அண்ணா, ஒரு ரெண்டாயிரம் குடுங்க, மீதி அடுத்த லோடுக்கு"ன்னு கேளுங்க. கேக்க கூச்சமா இருந்தா சம்சாரத்தை கூட்டிட்டு போங்க. பொம்பளைங்க ஒரு வீட்டு வாசல்ல நின்னு, "அக்கா, கேட்டு நல்லா ஓடுதா"ன்னு அந்த வீட்டம்மாகிட்ட கேட்டா போதும், மீதியை அந்த அம்மா பாத்துக்கும்.

இனிமே வர்ற வேலைக்கு அளவு எடுக்கற அன்னைக்கே பாதி வாங்கிடுங்க, கம்பி வாங்கற காசு உங்க கையிலேர்ந்து போகவே கூடாது. அப்புறம் ரேட்டு. கிலோ கணக்குல பேசறீங்கன்னு நெனைக்கறேன், அந்த ரேட்டுல கம்பி இருக்கும், வெல்டிங் ராடு இருக்கும், பெயிண்ட் இருக்கும், பையன் கூலி இருக்கும், மெஷின் தேய்மானம்னு ஒரு பைசா இருக்காது, எழுதி வேணா தரேன். கிலோவுக்கு மூணு ரூபா சேத்துக்கங்க. மாசம் 350 கிலோன்னா 1,050 ரூபா, வருசத்துக்கு 12,600, உங்க மெஷின் வந்துருச்சு. 90 கிலோ கேட்டு போடறவருக்கு கூட ஆகறது 270 ரூபா, கிரகப்பிரவேசத்துக்கு வாசல்ல கட்டற பூ மாலைக்கே அவரு அதை விட அதிகமா குடுக்கறாரு. அந்த மூணு ரூபாயை தனி டப்பால போடுங்க, அந்த டப்பா வீட்டுக்குள்ள வரக்கூடாது, சம்சாரமே கேட்டாலும் வரக்கூடாது. பாக்கியும் முழுசா வசூலாச்சுன்னா ஆயுத பூஜைக்குள்ள மெஷினுக்கு சந்தனம் குங்குமம் வெச்சிடலாம்.

அதனால சீட்டு காசுல ஒகேனக்கல் போங்க. சுயநலமான்னு கேட்டீங்களே, மெஷின் ஆசைப்பட்டது சுயநலம் இல்ல, மணிக்கட்டு வலிக்கறவன் வேற எதுக்கு ஆசைப்படுவான். ஆனா மெஷின் மார்கழியிலயும் கடையில இருக்கும், தையிலயும் இருக்கும். உங்கம்மாவால வேன்ல ஏற முடியற வருசம், உங்க பொண்ணு வீட்டுல இருக்கற வருசம், ரெண்டும் இந்த வருசம்தான் ஒண்ணா வருது.

எப்ப போறதுன்னு சொல்றேன். ஆடி பதினெட்டுக்கு வேண்டாம், அம்மாவுக்கு அதுதான் ஆசையா இருக்கும், பொறந்த வீட்டு நெனப்பு, ஆனா அந்த கூட்டத்துல மூட்டு வலிக்காரங்களை நிக்க வைக்க முடியாது. அது மட்டும் இல்ல, ஆடியில கர்நாடகாவுல கபினி டேமும் கே.ஆர்.எஸ். டேமும் நெரம்பி தண்ணி தொறந்து விட்டாங்கன்னா இங்க பரிசலும் கெடையாது, குளிக்கவும் கெடையாது, 12,000 செலவு பண்ணி போய் தூரத்துல நின்னு செவப்பு தண்ணியை பாத்துட்டு வரணும். காலாண்டு லீவு சவுரியமா தெரியும், ஆனா அது புரட்டாசில வரும், உங்க வீட்டுல புரட்டாசி கும்புடறவங்களா இருந்தா மீனுக்கு என்ன பண்ணுவீங்க, மீன் இல்லாத ஒகேனக்கல் என்ன ஒகேனக்கல்! ஆவணியில ஒரு லீவு நாளா பாருங்க. முந்தின நாளும் கெளம்பற அன்னைக்கு காலைலயும் செய்தியில, காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையற பிலிகுண்டுலுல தண்ணி எத்தனை கன அடின்னு கேட்டுட்டு, பரிசல் ஓடுதான்னு அந்த ஊர்ல யாரையாவது விசாரிச்சிட்டு வேன்ல ஏறுங்க. வேன்காரர்கிட்ட மொதல்லயே, தண்ணி அதிகமா வந்தா தேதி மாத்துவோம்னு பேசி வெச்சுக்கங்க.

பரிசல்ல அடியில சம்மணம் போட்ட மாதிரி உக்காரணும், அம்மா மூட்டுக்கு அது ஆகாது, ஏத்தணும்னு கட்டாயப்படுத்தாதீங்க, தொங்கு பாலத்துகிட்ட நெழலா உக்கார வெச்சா அங்கேர்ந்தே அவங்களுக்கு பாக்க நெறைய இருக்கும். நீங்க எண்ணெய் தேய்ச்சு விடறவங்ககிட்ட ஒரு அரை மணி நேரம் உக்காருங்க, அந்த மணிக்கட்டை காட்டுங்க, ஆனா கழுத்தை சொடுக்கு எடுக்க மட்டும் விடாதீங்க. காலைல டிபனுக்கு புளி சோறு கட்டிட்டு போயிடுங்க, மதியத்துக்கு மீனை நீங்களே பாத்து வாங்கி, அங்க அடுப்பு வெச்சு சமைச்சு குடுக்கற அம்மாங்ககிட்ட குடுங்க, கூலியை மொதல்லயே பேசிடணும், மசாலா அம்மியில அரைக்கறவங்களா பாத்து குடுங்க. கட்லா குழம்புக்கு, சின்ன மீனு கெடைச்சா வறுவலுக்கு. 11 பேருக்கு எத்தனை கிலோன்னு உங்க சம்சாரம் சொல்லுவாங்க, அன்னைக்கு காசுப் பையும் அவங்க கையிலயே இருக்கட்டும்.

நீங்க போனை மட்டும் வெச்சுக்கங்க. புது கேட்டு ஆர்டருக்கு கூப்பிட்டா நாளைக்கு பேசறேன்னு சொல்லிடுங்க, பாக்கி வெச்சிருக்கற மூணு பேர்ல யாராவது கூப்பிட்டா மீன் முள்ளை துப்பிட்டு ஒடனே எடுங்க.