டோ/ஹால் மோட் போட்டால் கியர்பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது?

ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்கில் டிரெய்லர் இழுக்கும்போது டோ/ஹால் மோட் (Tow/Haul, பாரம் இழுப்பதற்கென்றே உள்ள மோட்) போட்டால் வண்டி ஏன் உறுமுகிறது, கியர்பாக்ஸுக்குக் கெடுதலா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடுதல் இல்லை. கியர்பாக்ஸைக் காப்பாற்றத்தான் அந்த மோடே இருக்கிறது.

சாதாரணமாக அந்த 10 கியர் ஆட்டோமேட்டிக், பெட்ரோலை மிச்சம் பிடிக்கச் சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விடும். பின்னால் 3 டன் டிரெய்லர் இருந்தால் ஏற்றத்தில் அந்தக் கியர் இழுக்காது. கீழே இறங்கும், கொஞ்சம் வேகம் பிடித்ததும் மேலே போகும், மறுபடி இறங்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளே கிளட்ச் தகடுகள் உரசுகின்றன, ஆயில் சூடாகிறது. கியர்பாக்ஸுக்கு எமன் அந்தச் சூடுதான். டோ/ஹால் மோட் மேல் கியருக்குப் போவதைத் தள்ளிப்போட்டு, இருக்கும் கியரிலேயே நின்று இழுக்க வைக்கிறது. ஆர்.பி.எம்., அதாவது எஞ்சின் சுழலும் வேகம், கூடுவதால்தான் அந்த உறுமல்.

என்னைக் கேட்டால், ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் இதன் அருமை தெரியும். கொலராடோவில் ஐ-70 சாலையில் ஐசனோவர் சுரங்கப்பாதையைத் தாண்டி, மேற்கே சில்வர்தோர்ன் நோக்கி 7 சதவீதச் சரிவு. அங்கே பிரேக்கை லேசாக மிதித்தால் போதும், கியர் தானாக இறங்கி, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். சரிவு முழுக்க பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பே குறைந்துவிடும்.

அப்புறம் ஒன்று, இந்த மோட் போட்டதால் வண்டியின் இழுக்கும் திறன் ஒரு கிலோகூட ஏறாது. டிரெய்லரைக் கழற்றியதும் மோடை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்ரோல் வீண்.