வற்றலும் உலர்பழமும்: எதில் போட்டு வைப்பது?

கேள்வி: டீஹைட்ரேட்டரில் (சூடான காற்றில் உணவை உலர்த்தும் மின்கருவி) கேரட், பீன்ஸ், மாம்பழத் துண்டு எல்லாம் காய வைக்கிறோம். ஒரு வருடம் கெடாமல் இருக்க வேக்யூம் சீலர் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வேக்யூம் சீலர் பையில் உள்ள காற்றைத்தான் உறிஞ்சும், துண்டுக்குள் இருக்கும் ஈரத்தைத் தொடாது. வீட்டில் காய வைத்தது கெடுவது பெரும்பாலும் அந்த ஈரத்தால்தான். போதாததற்கு, முறுமுறுவென்று காய்ந்த பீன்ஸ் முனை பையைக் குத்தி ஊசித்துளை போட்டுவிடும்.

முதலில் சரியாகக் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சூட்டில் எல்லாமே மெத்தென்று இருக்கும், அதனால் ஆறிய பிறகே சோதிக்க வேண்டும். காய்கறி படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் மறுபடி டிரேயில் போடுங்கள். பழம் ஒடியாது, அதில் சுமார் 20 சதவீதம் ஈரம் இருக்கும். வெட்டி அழுத்தினால் நீர் கசியாமல், மடித்தால் ஒட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

ஒரே டிரேயில் காய்ந்தாலும் எல்லாத் துண்டும் ஒரே பதத்தில் இருக்காது. அதனால் பழத்தைக் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் தளர்வாகப் போட்டு மூடி, 7 முதல் 10 நாள் வரை தினமும் குலுக்குங்கள். காய்ந்த துண்டு ஈரத் துண்டிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளும். கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்தால் காய்ந்தது போதவில்லை என்று அர்த்தம். உடனே எடுத்துக் காய வையுங்கள்.

சீலருக்கான பணத்தில் கால் லிட்டர், அரை லிட்டர் கண்ணாடி பாட்டில்களாக வாங்குங்கள். பெரிய ஜாடியைத் தினம் திறந்தால் தினம் ஈரக்காற்று உள்ளே போகும். வாங்கியதும் தண்ணீர் ஊற்றி மூடிக் கவிழ்த்துப் பாருங்கள். கசிந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: ஆக்சிஜன் அப்சார்பர், சிலிக்கா ஜெல் இரண்டும் ஆன்லைனில் கிடைக்கின்றன. எது வேண்டும்?

பதில்: காய்கறிக்கு எது வேண்டுமானாலும் போடலாம், ஆனால் ஒரே பாட்டிலில் இரண்டையும் போடாதீர்கள். அப்சார்பருக்குள் இருப்பது இரும்புத்தூள். அது துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். துருப்பிடிக்கக் கொஞ்சம் ஈரம் வேண்டும். அந்த ஈரத்தை சிலிக்கா பிடுங்கிவிடும். ஒரு லிட்டர் காற்றில் ஆக்சிஜன் சுமார் 210 சிசிதான் (ஒரு சிசி என்பது ஒரு மில்லிலிட்டர்), ஆகவே ஒரு லிட்டர் பாட்டிலுக்கு 300 சிசி பாக்கெட் ஒன்று தாராளம். சாதா பாலிதீன் கவரில் போடுவது வீண், அதன் வழியே ஆக்சிஜன் திரும்ப நுழைந்துவிடும்.

மெத்தென்ற மாம்பழத்துக்கு அப்சார்பர் போடவே கூடாது. ஈரம் மிச்சமிருந்து ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர வாய்ப்புண்டு. வேக்யூம் செய்வதற்கும் இதே எச்சரிக்கைதான். சிலிக்காவில் நீல மணி உள்ளது வேண்டாம்; அந்த நிறம் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு ரசாயனம். உணவுக்கென்று விற்கும் வெள்ளை பாக்கெட் வாங்குங்கள்.

கேள்வி: மோர் மிளகாய் ஐப்பசி வந்தாலே நமத்துப் போகிறது. எவ்வளவு காய வைத்தாலும் இதே கதை.

பதில்: காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் கடலோர ஊர்களில் அது சாதாரணமாகத் தாண்டும். ஆகவே புரட்டாசி வெயிலிலேயே ஒருமுறை காட்டி, நன்றாக ஆறிய பிறகு சின்ன பாட்டில்களில் அடைத்துவிடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். பூசணம் இல்லாமல் நமத்தது மட்டும் என்றால் டீஹைட்ரேட்டரில் 60 டிகிரியில் திரும்பக் காய வைக்கலாம். ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள் பாட்டிலை வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள், குளிர் விட்ட பிறகு திறங்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் காய வைத்த சுண்டைக்காயில் வண்டு வருகிறது.

பதில்: வெளியில் காயும்போதே பூச்சி முட்டையிட்டுவிடும். பையில் இறுகக் கட்டி மைனஸ் 18 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். ஃப்ரீசர் அந்த அளவு குளிராது என்றால் ஓவனில் 70 டிகிரிக்குச் சற்று மேலே அரை மணி நேரம். பிறகு பாட்டிலில் அடைக்கலாம்.

கேள்வி: எவ்வளவு காலம் தாங்கும்?

பதில்: உலர்பழம் 15 டிகிரியில் ஒரு வருடம், 27 டிகிரியில் 6 மாதம். உப்புப் போடாத காய்கறி அதில் பாதி. நம் சமையலறையின் வெப்பம் பல மாதங்கள் 27-ஐத் தாண்டும், அதனால் ஒரு வருடம் வேண்டுமென்றால் ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு துண்டில் பூசணம் கண்டாலும் பாட்டில் முழுவதையும் கொட்டிவிடுங்கள். பூசண நச்சு வறுத்தாலும் கொதித்தாலும் முழுவதும் அழியாது.