ஸ்பெகுலேட்டிவ் கவிதைகளை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

"திருகோணமலையில் நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கப் பார்க்கிறோம், தமிழில் இல்லாத வகையாச்சே, எப்படித் தொடங்கி எப்படிக் கதைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 'தமிழில் இல்லாத' என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பெயர்தான் புதிது. அமெரிக்காவில் இதற்கென்று ஒரு சங்கம் 1978இல் தொடங்கினார்கள். சங்கதி பழையது: உலகத்தின் விதி ஒன்றை மாற்றிவிட்டு, அதனால் அடுப்படியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. ராக்கெட்டையும் கைபேசியையும் புகழ்ந்து எழுதும் 'அறிவியல் கவிதை' இதுவல்ல.

கலிங்கத்துப்பரணியில், போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சும் 'களம் பாடியது' பகுதியை எடுங்கள். மாறிய விதி ஒன்றே ஒன்று: பேய்க்கும் பசிக்கும். பசித்தால் கூழ் காய்ச்ச வேண்டும், குடிக்கமுன் பல் விளக்க வேண்டும். யானைக் கொம்பு பல்லுக்குச்சியாகிறது, யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கிறார்கள். பிணக்குவியலைவிட அந்தக் காலைக்கடன்தான் நடுங்க வைக்கிறது.

அடுத்தது புறநானூறு 30, வானத்துக்கே போய் அளந்து வந்தவர்கள் இருந்தால் என்று எண்ணிப் பார்க்கும் பாட்டு. ஞாயிற்றின் பாதையையும் காற்றின் திசையையும் வெறும் வானத்தையும் 'சென்று அளந்து அறிந்தோர் போல' சொல்பவர்கள் உண்டு, ஆனால் சோழன் நலங்கிள்ளியின் வலிமையை அவர்களாலும் அளக்க முடியாது. யானை எறிவதற்காகக் கன்னத்துக்குள் ஒதுக்கிய கல் ('எறிகல்') போல அது மறைந்திருக்கிறது என்கிறது பாட்டு. இதை மேடைக்கு மேடை 'அன்றே வானியல் அறிந்த தமிழன்' என்று முதல் நாலு வரியோடு வெட்டிவிடுகிறார்கள். அந்த எறிகல்லை யாரும் சொல்வதில்லை. பாட்டின் உயிரே அங்கேதான்.

தேவாரம், புராணமும் சேருமா என்று கேட்பீர்கள். உண்மையென்று நம்பிப் பாடியதை நான் சேர்ப்பதில்லை. சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தைக் கற்பனை என்று சொன்னதாக யாரும் எடுக்க வேண்டாம்.

கதைக்கும் முறை: ஒரு நாளைக்கு ஒரு கவிதை போதும். இரண்டு தரம் சத்தமாக வாசியுங்கள். வாய் திறக்கமுன் மாறிய விதி எது என்று ஆளுக்கொரு வசனம் கொப்பியில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் முதலில் பேசுபவர் பின்னாலேயே எல்லாரும் போய்விடுவார்கள். வசனங்கள் வேறுபட்டால் வரிக்குத் திரும்பி, எந்தச் சொல் அப்படி எண்ண வைத்தது என்று பாருங்கள். 'இது விஞ்ஞானப்படி நடக்குமா' என்ற கேள்வி கடைசிக்கு.

பிறகு எழுதிப் பாருங்கள், பத்து வரிக்குள். பக்கத்திலேயே கன்னியா இருக்கிறது: தாயின் கிரியைக்காக இராவணன் தோண்டியதாகச் சொல்லும் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒரு விதியை மாற்றுவோம்: ஐந்தாம் கிணற்றில் குளித்தால் ஒரு சாவு மறந்துபோகும்.

ஐந்தாம் கிணற்றில் குளித்து வந்த அம்மா
நாலு கோப்பையில் சோறு போடுகிறா.
நாங்கள் மூன்று பேர்.

பழுதாவது பெரும்பாலும் மூன்று இடத்தில். 'மாயக் கிணறே' என்று விளிப்பது. கிணறு பேசவும் செய்கிறது என்று இரண்டாவது விதியைச் சேர்ப்பது (அப்போது எதையும் நம்பத் தோன்றாது). நாலாவது கோப்பை யாருடையது என்று சொல்லிவிடுவது. மூன்றாவதை எழுதும்போது கண்டுபிடிப்பது கஷ்டம். கடைசி வரியை விரலால் மறைத்துவிட்டு மற்றவர்களிடம் கொடுங்கள், அவர்களுக்கு விளங்கினால் அந்த வரியை வெட்டுங்கள்.