டைப் 1 சர்க்கரை: பல்கலைக்கழகத்தில் யாரிடம் சொல்வது?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். டர்பனில் முதலாண்டு படிக்கிறேன். 14 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை. போன வாரம் ஆய்வக வகுப்பில் சர்க்கரை இறங்கி, கை நடுங்கியதால் யாரிடமும் சொல்லாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்றைய மதிப்பெண் போய்விட்டது. “வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடிக்கும்” என்கிறார் அம்மா. நான் சொல்லலாமா? புரட்டாசி விரதம் இருக்கலாமா?

பதில்: சொல்லுங்கள். ஊருக்கெல்லாம் வேண்டாம். மாற்றுத்திறனாளி மாணவர் உதவிப் பிரிவு, பாடத்தின் ஒருங்கிணைப்பாளர், பக்கத்தில் உட்காரும் தோழி ஒருத்தி, இவர்களுக்குத் தெரிந்தால் போதும். அம்மாவின் கவலை நியாயமானதுதான், நம் குடும்பங்களில் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆனால் பல்கலைக்கழகக் கோப்பு சொந்தக்காரர் கைக்குப் போகாது. உடல்நலத் தகவல்களுக்கு தென்னாப்பிரிக்காவின் 2013ஆம் ஆண்டின் போப்பியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டத்தில் தனிப் பாதுகாப்பே இருக்கிறது. இதை அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் உட்பட இங்குள்ள பெரிய பல்கலைக்கழகங்களில் இந்த உதவிப் பிரிவு உண்டு. ‘எனக்கு ஊனம் எதுவும் இல்லையே’ என்று தயங்காதீர்கள், நீண்டகால நோய் இருப்பவர்களும் போய்க் கேட்கலாம். தேர்வு வாரத்தில் ஓடினால் நடக்காது, இப்போதே போங்கள்.

போகும்போது டாக்டர் கடிதம் வேண்டும். “இவருக்குச் சர்க்கரை நோய் உண்டு” என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் பயனில்லை. உங்களுக்கு என்ன தேவை என்பதை அதில் எழுதி வாங்க வேண்டும். தேர்வு மேசையில் மீட்டர், இன்சுலின் பேனா, ஜூஸ் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். சர்க்கரை 4 mmol/Lக்குக் கீழே போனால் தேறும்வரை எழுத முடியாது, அந்த நேரத்தைத் திருப்பித் தர வேண்டும். கையில் சென்சார் ஒட்டி போனில் பார்ப்பவரென்றால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். தேர்வறையில் போனைக் கண்டால் கண்காணிப்பாளர் சும்மா விடமாட்டார்.

போன மதிப்பெண்ணையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஆய்வக வகுப்புகள் விட்டுப்போனால் டி.பி. (தேர்வெழுதும் தகுதி) கிடைக்காமல் தேர்வே எழுத முடியாமல் போகலாம். இந்த வாரமே கிளினிக் சான்றோடு ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

மதிப்பெண்ணைவிட என்னைப் பதற வைத்தது நீங்கள் தனியாக எழுந்து போனதுதான். சர்க்கரை இறங்கும்போது நடக்கக் கூடாது. படிக்கட்டில் மயங்கி விழுந்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்? இருந்த இடத்திலேயே 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். மூன்று தேக்கரண்டி சர்க்கரை கலந்த தண்ணீர் அல்லது அரை டம்ளர் சாதாரண கோக் போதும், டயட் கோக் உதவாது. ஆய்வகத்துக்குள் எதுவும் சாப்பிடக் கூடாது என்பார்கள். அதனால் வாசலை ஒட்டி ஓர் இடமும் கூட ஓர் ஆளும் வேண்டுமென்று முன்கூட்டியே பேசி வையுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை குடியுங்கள். ஏறியதும் ஒரு துண்டு ரொட்டி சாப்பிடுங்கள்.

தோழிக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸுக்கு 10177 அல்லது செல்போனிலிருந்து 112ஐ அழைக்க வேண்டும்.

மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருந்தால் டைப் 1 சர்க்கரை கட்டாய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் உண்டு, பதிவு செய்திருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். 21 வயதில் பல திட்டங்களில் பிள்ளைக் கட்டணம் மாறும், அதையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.

புரட்டாசிக்கு மரக்கறி மட்டும் சாப்பிடுவதில் தடையே இல்லை. ஒருவேளைச் சாப்பாடு, பட்டினி என்பது வேறு விஷயம், உங்கள் டாக்டர் இன்சுலின் அளவை மாற்றித் தராமல் அதில் இறங்க வேண்டாம். சாப்பிடாத நாளிலும் நீண்டநேர இன்சுலினை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி வாந்தி, வயிற்றுவலி என்று மருத்துவமனையில் போய் நிற்க வேண்டியிருக்கும். விரத நாளிலும் சர்க்கரை இறங்கினால் யோசிக்காமல் ஜூஸைக் குடித்துவிடுங்கள். பாட்டி ஏதாவது சொன்னால், டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள்.