சனிக்கிழமையை எங்கே வைப்பது?

சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தன் அடுக்குமாடி புளோக்கின் பொங்கல் விழாவுக்காக "சனிக்கிழமை பெயர் கொடுத்த தொண்டூழியர்கள் கோலம் போட வரவும்" என்று எழுதி மின்தூக்கி அருகே ஒட்டினாராம். வந்ததே 3 பேர்தான். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை பெயர் கொடுத்தவர்களாம், நமக்கில்லை என்று இருந்துவிட்டார்கள். எழுத்துப்பிழையே இல்லையே, எங்கே தப்பு என்கிறார்.

எழுத்தில் தப்பில்லை சகோதரி, இடத்தில்தான். நாளைச் சொல்லும் சொல் தனக்குப் பின்னால் வரும் முதல் வினையைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் வாக்கியத்தில் அது "கொடுத்த". வரவேண்டிய நாள், பெயர் கொடுத்த நாளாகிவிட்டது. "பெயர் கொடுத்த தொண்டூழியர்கள் கோலம் போடச் சனிக்கிழமை வரவும்", முடிந்தது. காற்புள்ளி போட்டால் போதாதா என்பார்கள். வாட்ஸ்அப்பில் யாராவது திரும்பத் தட்டி அனுப்பும்போது முதலில் காணாமல் போவது அதுதான்.

கிழமையை முதலில் வைக்கவே கூடாதா? வைக்கலாம். "சனிக்கிழமை காலை 8 மணிக்குப் புளோக் கீழே பிள்ளைகளோடு கோலம் போடுகிறோம்" என்று எவ்வளவு நீட்டினாலும் சரி, நடுவில் "வந்த", "கொடுத்த" மாதிரி ஒன்று நுழையாதவரை. "கொடுத்தவர்கள்" என்று மாற்றிப் பார்க்காதீர்கள், அதே வம்புதான்.

"மட்டும்" கதை வேறு, அது தனக்கு முன்னால் உள்ள சொல்லைப் பிடிக்கும். "பிள்ளைகளுக்கு வடை மட்டும்" என்று எழுதினால் பொங்கல் கிடையாதா என்று சண்டைக்கு வருவார்கள்.

என் எரிச்சலெல்லாம் மொழிபெயர்ப்புத் தரகர்கள் மேல்தான். ஆங்கிலத்தில் கடைசியில் நிற்கும் கிழமையை இயந்திரம் முன்னால் தூக்கிப் போடும், இவர்கள் அதை அப்படியே ஒட்டிவிட்டுச் சொல்லுக்கு இத்தனை காசு என்று வாங்கிக்கொள்வார்கள். தமிழ் தெரிந்தவர் யார் படித்துப் பார்த்தார் என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் காசு கொடுக்காதீர்கள். அலுவலகங்கள் மட்டும் என்னவாம்? மற்ற 3 மொழிகளையும் அடுக்கி முடித்து, மிஞ்சிய பட்டையில் தமிழை அடக்கு என்பார்கள்.

செய்யுளில் சொற்கள் சிதறிக் கிடந்தாலும் படிப்பவர் எடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். கொண்டுகூட்டு என்று பேர், செய்யுளுக்குப் பொருள் கொள்ள நன்னூல் சொல்லும் 8 முறைகளில், அதாவது பொருள்கோள்களில், ஒன்று. மின்தூக்கிக் கதவு திறப்பதற்குள் படிக்கிறவர் கூட்ட மாட்டார்.

அடுத்த முறை ஒட்டுமுன் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் காட்டி, என்னைக்கு வரணும் என்று கேளுங்கள். "சனிக்கிழமை பேரு கொடுத்தவங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் அந்தத் தாளை ஒட்டாதீர்கள்.