மூன்றே நாள் தாண்டியும் ஏன் ‘தரம் எட்டாத பகுதி’?

கேள்வி: டெக்சஸில் டென்டன் பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் அருகிலுள்ள கண்காணிப்பு நிலையத்தில் இந்த ஆண்டு ஓசோன் 70 பிபிபியை (நூறு கோடிப் பங்கில் 70 பங்கு) தாண்டியது மூன்று நாள்தான். ஆனாலும் டல்லாஸ்–ஃபோர்ட் வொர்த் பகுதியைத் தரம் எட்டாதது என்கிறார்களே?

பதில்: தாண்டிய நாட்களை எண்ணுவதில்தான் குழப்பம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் (இ.பி.ஏ.) 2015 ஓசோன் தரத்தின்படி (வரம்பு 70 பிபிபி) பார்க்கப்படுவது ஆண்டின் நான்காவது உச்ச மதிப்பு. காலை 7 மணியிலிருந்து இரவு 11 மணிவரை ஒவ்வொரு மணிக்கும் தொடங்கும் 8 மணி நேரச் சராசரிகளில் பெரியதே அன்றைய மதிப்பு. ஆண்டு முழுவதற்கும் இவற்றை இறங்குவரிசையில் அடுக்கி, நான்காவதை எடுக்க வேண்டும். உங்கள் நிலையத்தில் அது 70 அல்லது அதற்குக் கீழே. இந்த ஆண்டு தேறிவிட்டது.

ஆனால் தீர்ப்பு மூன்று ஆண்டுகளின் நான்காவது மதிப்புகளின் சராசரிக்கு. உதாரணமாக 78, 74, 69 என்றால் சராசரி 73.67, தசமத்தை வெட்டினால் 73, தவறிவிட்டது. அதே 72, 71, 69 என்றால் 70.67, இங்கே முழுமையாக்கிச் சுற்றுவதில்லை, வெட்டுவதுதான் விதி. ஆகவே 70, தேறியது! பலர் 71 என்று சுற்றிவிட்டு வீணாகக் கவலைப்படுகிறார்கள்.

இன்னொன்று: செயலியில் பார்க்கும் ஒரு மணி நேர எண்ணை வைத்துக் கணக்கிடாதீர்கள். பிற்பகலில் ஒரு மணி நேரம் 85 காட்டினாலும் 8 மணி நேரச் சராசரி 70க்குள் அடங்கிவிடலாம். டெக்சஸ் சுற்றுச்சூழல் தர ஆணையம் நிலையவாரியாக வெளியிடும் 8 மணி நேர மதிப்புகளையே எடுங்கள்.

உங்கள் நிலையம் மட்டும் தேறினாலும் போதாது. பகுதியிலேயே மிக மோசமான நிலையத்தின் எண்தான் முழுப் பகுதிக்கும். தென்கிழக்குக் காற்று நகரத்துப் புகையை வடமேற்கே தள்ளும். வழியில் வெயில்பட்டு அது ஓசோனாகிறது. அதனால் நெரிசல் மிகுந்த நகர மையத்தைவிட டென்டன் பக்கம் அதிகம் காட்டுவது வழக்கம்.

2024இல் இந்தப் பகுதி ‘கடுமை’ (Serious) வகைக்கு ஏற்றப்பட்டது; தரத்தை எட்டக் கெடு 2027 ஆகஸ்ட் 3. அதற்கு எடுக்கப்படுவது 2024, 2025, 2026 ஆண்டுகளின் அளவீடுகள். சராசரி தவறினாலும் 2026இன் நான்காவது மதிப்பு 70க்குள் எல்லா நிலையங்களிலும் நின்றால், மாநிலம் ஓராண்டு நீட்டிப்புக் கேட்கலாம். ‘தரம் எட்டாத பகுதி’ என்ற பட்டம் நீங்க வேண்டுமானால் அளவீடு தேறுவதோடு முடியாது: மாநிலம் பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டத்தோடு விண்ணப்பித்து, இ.பி.ஏ. ஒப்புதல் பெற வேண்டும்.