இன்ஷூரன்ஸுக்குப் பதில் பணம் வாங்கலாமா? கேள்வி பதில்

அமெரிக்காவில் சில கம்பெனிகள், "எங்கள் ஹெல்த், டென்டல் இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், மாதாமாதம் சம்பளத்தோடு இவ்வளவு சேர்த்துத் தருகிறோம்" என்கின்றன. வாங்கலாமா என்று ஓப்பன் என்ரோல்மென்ட் (வருஷத்துக்கு ஒரு முறை பிளானைத் தேர்ந்தெடுக்கும் காலம்) வந்தாலே பலரும் கேட்கிறீர்கள். பெனிஃபிட்ஸ் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாஸ்டன் வாசகர்: வேண்டாம் என்றால் மாதம் 200 டாலர் தருகிறார்கள். மனைவியின் கம்பெனியில் என்னைச் சேர்க்க மாதம் 260 கூடுதல். என் கம்பெனியிலேயே இருந்தால் எனக்கு மட்டும் 90. 22 சதவீத வரி வரம்பில் இருக்கிறோம். லாபம்தானே?

லாபம்தான். ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை.

அந்த 200 டாலர் முழுக்கச் சம்பளக் கணக்கில் வரும். வருஷத்துக்கு 2,400. அதில் ஃபெடரல் வரி 22, சோஷியல் செக்யூரிட்டி 6.2, மெடிகேர் 1.45, மாசசூசெட்ஸ் வரி 5. மொத்தம் 34.65 சதவீதம் போய்விடும். கைக்கு வருவது சுமார் 1,568.

பிரீமியம் பொதுவாக வரிக்கு முன்பே சம்பளத்தில் பிடிக்கப்படும். மனைவி பக்கம் கூடும் 3,120-ஆல் வீட்டு வருமானத்தில் உண்மையில் குறைவது சுமார் 2,039. அதில் 1,568-ஐக் கழித்தால் உங்கள் கையிலிருந்து போவது 471. இப்போது இருக்கிற இடத்திலேயே இருந்தால் 1,080 பிரீமியத்துக்குக் கையிலிருந்து போவது 706. வித்தியாசம் 235 டாலர். வருஷத்துக்கு.

அந்த 235-க்காக மாறுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். மனைவியின் பிளானில் டிடக்டிபிள் (பிளான் கொடுக்கத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை) எவ்வளவு? உங்கள் டாக்டர் அந்த நெட்வொர்க்கில் இருக்கிறாரா? மூன்றாவதைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சொந்தக் கம்பெனியில் இன்ஷூரன்ஸ் கிடைக்கும் கணவனையோ மனைவியையோ சேர்த்தால் சில கம்பெனிகள் கூடுதல் கட்டணம் போடும். சில கம்பெனிகள் சேர்க்கவே விடாது. 260 என்பது அதையும் சேர்த்துத்தானா என்று கேளுங்கள்.

எல்லாருக்கும் ஒன்று: மறுபக்கத்து இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பது எழுத்தில் கைக்கு வராமல், வேண்டாம் என்ற படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சான் ஹோசே: தனியாள். பணத்தை வாங்கிக்கொண்டு, அரசு மானியத்தோடு கவர்டு கலிஃபோர்னியாவில் (மாநில இன்ஷூரன்ஸ் சந்தையில்) பிளான் எடுத்தால்?

மானியம் பெரும்பாலும் கிடைக்காது. கம்பெனி கொடுக்கும் பிளான் குறைந்தபட்சத் தரத்தோடு, கட்டுப்படியாகும் விலையிலும் இருந்தால், நீங்கள் அதை எடுத்தீர்களா இல்லையா என்பது கணக்கே இல்லை. கொடுத்தார்கள் என்பதே போதும். 2026-க்கு அந்த "கட்டுப்படி" வரம்பு, உங்கள் ஒருவருக்கான பிரீமியம் வீட்டு வருமானத்தில் 9.96 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது. சாஃப்ட்வேர் சம்பளத்தில் அதைத் தாண்டுவது அபூர்வம். முழு விலையையும் வரி கட்டிய பணத்தில் நீங்களே கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பல கம்பெனிகள் வேறொரு குரூப் பிளானில் (ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்குத் தரும் பிளானில்) இருப்பதற்கு ஆதாரம் கேட்கும். நீங்களாக வாங்கிய பிளானை ஏற்காது. எதுவுமே எடுக்காமல் இருக்கலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். ஃபெடரல் அபராதம் 2019-லிருந்து பூஜ்யம், உண்மைதான். ஆனால் கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, ரோட் ஐலண்ட், வாஷிங்டன் டி.சி. ஆகியவை தனியாக அபராதம் போடுகின்றன. அபராதத்தை விடுங்கள், ஓர் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் பில் போதும்.

எடிசன்: சின்னக் கம்பெனி. நான் வாங்கும் பிளானின் பிரீமியத்தை வரியில்லாமல் தந்துவிடுவதாக ஓனர் சொல்கிறார்.

சும்மா ரசீதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் ஓர் ஊழியருக்கு ஒரு நாளைக்கு 100 டாலர் வரை அவருக்கு அபராதம் வரலாம். இதற்கென்றே முறையான ஏற்பாடுகள் இருக்கின்றன. ஊழியர் வாங்கும் பிளானின் பிரீமியத்தை வரியில்லாமல் திருப்பித் தரும் திட்டங்கள் அவை: 50 பேருக்குக் குறைவான கம்பெனிக்கு க்யூசெரா (QSEHRA), எந்த அளவுக் கம்பெனிக்கும் 2020-லிருந்து இக்ரா (ICHRA). இரண்டில் ஒன்றை முறையாகப் போடச் சொல்லுங்கள்.

ஆஸ்டின்: மனைவியின் பிளானுக்குப் போய்விட்டேன். அவர் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். அவருக்கு லே-ஆஃப் வந்தால்?

நல்ல கேள்வி. எல்லாரும் கவனியுங்கள். மனைவி வழியாக வந்த இன்ஷூரன்ஸ் நின்றால், ஓப்பன் என்ரோல்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், உங்கள் கம்பெனி பிளானில் உடனே சேரலாம். ஆனால் கேட்க 30 நாள்தான் உறுதி. மார்க்கெட்பிளேஸில் (அரசு இன்ஷூரன்ஸ் சந்தையில்) சேரத் தரும் 60 நாளையும், வேலை போன ஹெச்-1பி-காரருக்குத் தரும் 60 நாளையும் இதோடு குழப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அடுத்த வருஷம்தான். குழந்தை பிறந்தாலும் அதே 30 நாள்.

வேலை போன பிறகும் கம்பெனி பிளானைச் சொந்தச் செலவில் தொடர விடும் சட்டம் கோப்ரா. மனைவிக்குக் கிடைக்கும் கோப்ராவில் நீங்களும் தொடரலாம், வழக்கமாக 18 மாதம் வரை. ஆனால் முழுப் பிரீமியமும் அதற்கு மேல் 2 சதவீதமும் உங்கள் தலையில். உங்கள் வேலை போனால் உங்கள் கம்பெனி கோப்ரா உங்களுக்குக் கிடையாது. இல்லாத பிளானை எப்படித் தொடர்வது?

பிரீமியம் கட்டாமல் விட்டு இன்ஷூரன்ஸ் நின்றுபோனால் அது "இழப்பு" ஆகாது, அந்த 30 நாள் வாய்ப்பும் கிடையாது.

சியாட்டில்: டென்டல் எதற்கு? வருஷா வருஷம் சென்னை போகிறேன், பல் வேலையெல்லாம் அங்கேயே. பணத்தை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அட்லாண்டா: சியாட்டில்காரர் சொல்வதைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். பல்வலி லீவு பார்த்தா வரும்?

இதைப் பற்றியே பலர் எழுதிவிட்டீர்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

சியாட்டில்காரர் சொல்வதில் பாதி சரி. டென்டல் இன்ஷூரன்ஸ் ஹெல்த் இன்ஷூரன்ஸைப் போலப் பெரிய இடியைத் தாங்குவதற்கு இல்லை. ஹெல்த்தில் ஓர் எல்லைக்கு மேல் பிளான் கொடுக்கும். டென்டலில் ஓர் எல்லைக்கு மேல் நீங்கள் கொடுக்க வேண்டும். அந்த எல்லை பொதுவாக வருஷத்துக்கு 1,000 முதல் 2,000 டாலர். க்ளீனிங் முழுசாக, ஃபில்லிங் 80 சதவீதம், கிரவுன் 50 சதவீதம் என்பது பரவலான அமைப்பு. பல் ஆரோக்கியமாக இருக்கும் தனியாளுக்கு இது இல்லாமலும் ஓடும்.

ஆனால் சென்னையில் எது முடியும், எது முடியாது என்று பாருங்கள். ரூட் கேனால், கிரவுன் இரண்டும் மூன்று வார லீவில் முடியும். இம்பிளான்ட் முடியாது. தாடை எலும்பில் ஸ்க்ரூவைப் பதித்த பிறகு எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம். அதற்குப் பிறகுதான் மேலே பல் வைப்பார்கள். நடுவில் ஸ்க்ரூ ஆடினால் இங்கே யாரிடம் போவீர்கள்? இன்னொருவர் போட்ட இம்பிளான்டைத் தொட இங்குள்ள டாக்டர்கள் பலர் தயங்குவார்கள். பிள்ளைகளுக்குக் கம்பி கட்டுவதும் சில வாரங்களுக்கு ஒரு முறை இறுக்க வேண்டிய வேலை.

அட்லாண்டா சொன்னதும் சரி. ஈறில் சீழ் வைத்து முகம் வீங்கினால் அன்றைக்கே பார்க்க வேண்டும். பிளைட் டிக்கெட் தேதிக்காகத் தள்ளிப்போடக் கூடாது.

சியாட்டில்: அப்படியானால் நான் சொன்னது சரிதானே?

தனியாளாக, பல்லில் தொந்தரவு இல்லாமல் இருந்தால், ஆமாம். ஆனால் முதலில் ஹெச்.ஆரிடம் கேளுங்கள்: டென்டலை மட்டும் விட்டால் பணம் உண்டா? பல இடங்களில் பணம் ஹெல்த்தை விடுவதற்குத்தான். டென்டலை விட்டால் அதன் பிரீமியம் மிச்சம், அவ்வளவுதான். பிறகு தனியாக டென்டல் வாங்கப் போனால் கிரவுன் போன்ற பெரிய வேலைக்கு 6 முதல் 12 மாதம் காத்திருக்கச் சொல்லும் பிளான்கள் நிறைய.

மினியாபொலிஸ்: அந்தப் பணத்துக்கு வரி உண்டா?

முதல் பதில்.

ஃபீனிக்ஸ்: டபிள்யூ-2-வில் (கம்பெனி தரும் வருடாந்தரச் சம்பள, வரிப் படிவத்தில்) வருமா? வரி இல்லை என்று நண்பர் சொன்னார்.

வரும், மற்ற சம்பளத்தோடு சேர்ந்து. முதல் பதிலைப் படியுங்கள்.

டாம்பா: அப்பா அம்மா விசிட்டுக்கு வருகிறார்கள், அவர்களை என் பிளானில் சேர்த்தால்?

கம்பெனி பிளானில் பொதுவாக முடியாது. விசிட்டர் இன்ஷூரன்ஸ் விற்பவரிடம் கேளுங்கள்.

சாக்ரமென்டோ: மணிக்கணக்குச் சம்பளம். இந்தப் பணம் ஓவர்டைமில் சேருமா?

உங்கள் மாநிலத்தில் சேர வேண்டும். சான் கேப்ரியல் நகராட்சி மீது போலீஸ்காரர்கள் போட்ட வழக்கில், 2016-ல் ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்றம் (உங்கள் மாநிலமும் அடங்கும் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம்) அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. ஓவர்டைம் கணக்கிடும் அடிப்படை மணிச் சம்பளத்தில் இந்தத் தொகையும் சேர வேண்டும். உங்கள் பே-ஸ்டப்பை எடுத்துப் பாருங்கள். ஓவர்டைம் மணி விகிதம் அடிப்படைச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு மட்டும்தான் என்றால், இதைச் சேர்க்கவில்லை என்று அர்த்தம். பேரோலிடம் கேளுங்கள்.

சிகாகோ: படிவம் நாளைக்குக் கொடுக்க வேண்டும். மனைவியின் பிளான் எப்போது தொடங்கும் என்று இன்னும் தெரியவில்லை. கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். இன்றைக்கே அவருடைய ஹெச்.ஆருக்கு ஈமெயில் போட்டுத் தேதியை வாங்குங்கள். பதில் வராவிட்டால் இந்த வருஷம் உங்கள் பிளானிலேயே இருங்கள்.

கொலம்பஸ்: மாமாவுக்கு 66 வயது. 300 பேர் வேலை செய்யும் கம்பெனி. "மெடிகேருக்குப் போய்விடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்" என்கிறார்களாம்.

20 பேரும் அதற்கு மேலும் உள்ள கம்பெனி, மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) பெறும் ஊழியரைப் பணம் காட்டி குரூப் பிளானிலிருந்து வெளியே அனுப்பக் கூடாது. சட்டமே தடுக்கிறது. அவராக விரும்பி விலகுவது வேறு. கையெழுத்துப் போட வேண்டாம், அப்படிச் சொன்னதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள்.